ஒழுகாத அகல்: இட்லித் தட்டு, சுக்கான்கல், மூன்று சூளை

கருங்கல் மேடையில் பழைய தினத்தாளை விரித்து, அதன்மேல் அகலை வைத்து, 15 மில்லி நல்லெண்ணெய் ஊற்றித் திரி ஏற்றினால் மூன்று மணி நேரம் எரிகிறது. அணைந்த பின் தூக்கிப் பார்த்தால் தாளில் எண்ணெய் வட்டம் இல்லை. இந்த நிலைக்கு வர ஜூலையில் தொடங்கிக் கார்த்திகை வரை ஆனது. செய்தது 48 அகல். தேறியது 31. அந்த 31-இல் அடிவழியாக எண்ணெய் விடாதவை 19. மீதி எங்கே போயின, ஏன் போயின என்பதுதான் இந்தப் பதிவு.

ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பித்ததால் அதை முதலில் முடித்துவிடலாம். பெங்களூரில் வார இறுதிக் கைவேலை வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பெரியவர், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று என்ற கணக்கில் மூன்று வகை பார்த்தோம்: அரக்குக் கடைசல், துணியில் அச்சுக்கட்டை, சக்கரத்தில் வனைதல்.

அரக்குக் கடைசல் என்பது மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சன்னபட்டணத்தின் வேலை. வெட்பாலைக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். (கன்னடத்தில் ஆலெ மர என்பார்கள், நம் ஆலமரம் அல்ல.) உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகிக் கட்டையில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். குச்சியை ஒரே இடத்தில் பிடித்தால் அரக்கு திட்டாகக் கட்டிவிடும். மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பம்பரம் தேறும். மோட்டார் கடைசலில் சிறு பிள்ளையை நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் இல்லை. அதனால் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே வேலையில்லை.

அச்சுக்கட்டைதான் மூன்று பேருக்கும் ஒத்துவந்தது. கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காட்டன் துணியாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த புதுத் துணியை அப்படியே வைத்தால் சாயம் மேலேயே நின்று முதல் துவைப்பில் போய்விடும். மேசையில் சாக்கும் போர்வையும் பல மடிப்பாக விரித்து மெத்தென்று இருந்தால்தான் கட்டையின் நடுப்பகுதியும் பதியும். சாயத் தட்டில் கட்டையை லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தி எடுத்தால் பூவின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். காய்ந்த பின் துணியின் பின்பக்கம் சூடான இஸ்திரிப் பெட்டியை நாலைந்து நிமிடம் ஓட்டினால் நிறம் பிடித்துக்கொள்ளும். காலையில் போய் மதியம் கையில் துணியோடு திரும்பலாம்.

சக்கரத்தில் அப்படியில்லை. அன்றைக்கு வனைந்தது உலர்ந்து, சுட்டு, கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசி, மறுபடி சுட்டுக் கைக்கு வர மூன்று நான்கு வாரம் ஆகும். இரண்டு மணி நேர வகுப்பில் சக்கரத்தின் முன்னால் உட்காரக் கிடைப்பது ஆளுக்கு முப்பது நிமிடம். மண்ணை நடுவில் நிறுத்துவதுதான் முழு வித்தை. அதைப் பாதிக்கு மேல் சொல்லித் தருபவரின் கை செய்துவிடும். ஒரு கிலோ உருண்டையை ஒன்பது வயதுக் கை நடுவில் நிறுத்தாது. 400 கிராம் கேட்டு வாங்குங்கள். முழங்கை தொடையில் ஊன்றியிருக்கட்டும். கை காற்றில் நின்றால் மண் கையை ஆட்டும், கை மண்ணை ஆட்டாது.

ஒரு யோசனை. வனைந்த முதல் இரண்டு பாத்திரத்தைச் சுடக் கொடுக்காதீர்கள். அறுக்கும் கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து சுவரைப் பாருங்கள். எங்களுடையதில் வாய்ப்பக்கம் 4 மில்லிமீட்டர், அடிப்பக்கம் 12. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே சீராகத் தெரிந்த பாத்திரம் அது.

ஒர்க்‌ஷாப்பில் கண்ணில் படாத வேலை மூன்று உண்டு: மண்ணைத் தயார் செய்வது, உலர்த்துவது, சுடுவது. மண் பிசைந்து தயாராக வந்துவிடும். மற்ற இரண்டும் நாம் கிளம்பின பிறகு நடக்கும். வீட்டில் செய்து பார்த்தபோது கெட்டதெல்லாம் இந்த மூன்றில்தான் கெட்டது. உருவம் கொடுப்பதில் ஒன்றுகூடப் போகவில்லை.

முதல் 24

சக்கரம் வாங்கும் எண்ணமில்லை. எந்த வயதுக் கையும் செய்யக்கூடிய, ஒரே அளவில் நிறைய தேவைப்படுகிற பொருள் வேண்டும். கார்த்திகைக்கு அகல் என்று முடிவானது.

நகருக்கு வெளியே ஒரு செங்கல் சூளை பக்கத்திலிருந்து 10 கிலோ மண், கிலோ 25 ரூபாய். கல் பொறுக்கிப் பிசைந்ததும் வழவழவென்று வந்தது. விரல் கனத்துக்குத் திரித்து வளைத்துப் பார்த்தால் விரியவில்லை. நல்ல மண் என்று நம்பியது முதல் தப்பு. மண்ணின் குணம் விரலுக்குத் தெரியும், அதன் குற்றம் தெரியாது.

பிசைவது புரோட்டா மாவு போலத்தான்: உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி, ஐம்பது அறுபது தடவை. நடுவில் அறுத்துப் பார்த்தால் வெட்டு முகத்தில் ஓட்டை இருக்கக் கூடாது.

தகடாகத் தேய்க்கச் சப்பாத்திக் கட்டை. இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் கனமுள்ள மரப்பட்டி வைத்து, கட்டை அதன்மேல் ஓடினால் தகடு எங்கும் ஒரே கனம். அடியில் பழைய வேட்டித் துண்டு. ஒன்பதரை சென்டிமீட்டர் டப்பா மூடியால் வட்டமாக வெட்டினால் ஒரு வட்டம் சுமார் 80 கிராம். 24 வட்டத்துக்கு இரண்டு கிலோ, ஓரம் வெட்டியது சேர்த்துப் பிசைந்தது மூன்று கிலோ.

குழிவுக்கு முதலில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் முதுகில் வட்டத்தைப் போர்த்தினோம். பார்க்க அழகாக வந்தது. மறுநாள் காலை ஆறில் ஐந்து ஓரத்திலிருந்து நடுவுக்கு விரிந்திருந்தன. மண் உலரும்போது சுருங்கும், கிண்ணம் சுருங்காது. உள்ளே இரும்பு நின்றால் மண் கிழிவதைத் தவிர வேறு வழியில்லை. கவிழ்த்த அச்சில் வைத்தால் மண் தன் கனத்தைத் தாங்கும் அளவு இறுகியதும் உடனே கழற்றிவிட வேண்டும். இரவு விடக் கூடாது.

மீதிப் பதினெட்டுக்கு இட்லித் தட்டு. குழி 8 சென்டிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் ஆழம். அகலுக்கென்றே செய்தது போல் இருக்கும். துணி இட்லிக்குப் போடுவதுபோல ஈரத்துணி போட்டு, வட்டத்தை வைத்து, ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து வெளியே தடவி அமுக்க வேண்டும். உலர உலர மண் தானே குழியிலிருந்து விலகி நிற்கும், எந்தப் பிடிப்பும் இல்லை. துணியின் இழைகூட அடியில் பதிந்து அழகாக இருக்கும். பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான அச்சு கிடைக்காது. ஒரு தட்டில் நாலு, அரை மணி நேரத்தில் பன்னிரண்டு. (அந்தத் தட்டு இனி இட்லிப் பானைக்குத் திரும்பாது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்துவிடுவது நல்லது.)

திரி வைக்கும் மூக்கை, மண் இன்னும் குழையும்போதே, இரண்டு விரலுக்கு நடுவில் கிள்ளி வெளியே இழுத்தோம். இங்கே ஒரு தப்பு ஒளிந்திருந்தது. அது எண்ணெய் ஊற்றிய பிறகுதான் வெளியே வந்தது.

சூளைக்கு அனுப்பும் முன் உலர்த்தல். செப்டம்பர் பெங்களூரில் மழை மாதம். எட்டு நாள் பால்கனியில் வைத்தோம். தொட்டால் காய்ந்த மாதிரி, நிறமும் வெளுத்திருந்தது. சூளை வாடகைக்குத் தரும் ஸ்டூடியோவில் வேலை செய்பவர் ஒன்றை எடுத்துத் தந்து, "கன்னத்துல வெச்சுப் பாருங்க சார், சில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம்" என்றார். சிலது சில்லென்றுதான் இருந்தது. சூளையில் தட்டு காலியாக இருக்கிறது, அடுத்த முறை பத்து நாள் ஆகும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் அடுக்கினோம். 950 டிகிரி.

நாலு வெடித்தது. உள்ளே நின்ற நீர் 100 டிகிரியைத் தாண்டியதும் ஆவியாகி, வெளியேற நேரமில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வந்திருக்கிறது. பொதுவாகக் காற்றுக் குமிழைத்தான் குற்றம் சொல்வார்கள். நன்றாக உலர்ந்த பாத்திரத்தில் குமிழ் இருந்தும் வெடிக்காமல் வரும், ஈரம் இருந்தால் குமிழே இல்லாமல் வெடிக்கும். சிதறிய துண்டு பக்கத்தில் இருந்த இன்னொருவரின் குவளையில் விழுந்தது. அதற்கு 500 ரூபாய் கொடுத்தோம், நியாயம்தான்.

15 முழுதாக வந்தது. நாலாம் நாள் காலை அலமாரியில் வைத்திருந்தவற்றின் அடியில் சிவப்புத் துகள். எடுத்துப் பார்த்தால் ஆறு அகலில் மேல்தோல் பெயர்ந்து சின்னக் குழிகள், கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஊசியால் குத்தினால் மாவாக உதிர்ந்தது.

சுக்கான்கல். மண்ணில் கலந்து கிடக்கும் சுண்ணாம்புக் கட்டி. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிறது. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மெல்ல நீறுகிறது, நீறும்போது பருக்கிறது, பருத்துத் தன் மேலுள்ள மண்தோலைத் தள்ளுகிறது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போது பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான், ஒரு மிளகுக்குள் நடக்கிறது. மழைக்காலத்தில் நாலு நாளில் தெரிந்தது. வறண்ட மாதமாக இருந்தால் தாமதமாகத் தெரிந்திருக்கும், யாருக்காவது கொடுத்த பிறகு.

மண்ணைச் சலிப்பது

மீதம் 7 கிலோ. முதலில் சோதனை: ஒரு கோலி அளவு மண்ணைக் கரைத்து, அடியில் தங்கும் கப்பியில் வினிகர் ஊற்றினோம். எலுமிச்சைச் சாறும் போதும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நுரைத்தது. இந்த இரண்டு நிமிட வேலையை ஆகஸ்டிலேயே செய்திருக்கலாம்.

மண்ணைக் கரைப்பதில் ஒரு முரண் உண்டு. ஈர மண்ணைத் தண்ணீரில் போட்டால் கட்டியாகவே கிடக்கும், இரண்டு நாள் ஆனாலும் பிசைந்துதான் கரைக்க வேண்டும். அதையே துண்டு துண்டாகப் பிய்த்து, எலும்பு போல உலரவிட்டு, பிறகு தண்ணீரில் போட்டால் அரை மணி நேரத்தில் தானே பொலபொலவென்று உதிர்ந்து சேறாகும். அதனால் முதலில் முழுதாக உலர்த்துங்கள். உலர்ந்த மண்ணை உடைக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. துணிப்பைக்குள் போட்டுத் தட்டுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு நாள் ஊறிய சேற்றை மோர் பதத்துக்குக் கரைத்துச் சல்லடையில் விட்டோம். டீ வடிகட்டி போதாது, கண் பெரிது. 60 கண் சல்லடை (அங்குலத்துக்கு 60 கண்) 450 ரூபாய். இந்த முழுத் திட்டத்தில் மனம் வராமல் வாங்கிக் கடைசியில் மனம் குளிர்ந்த செலவு அது ஒன்றுதான். பழைய பெயின்ட் பிரஷால் தேய்த்துவிட்டால் வேகமாக இறங்கும். 7 கிலோவில் மேலே தங்கியது இரண்டு கைப்பிடி, எடை போட்டால் 200 கிராம் சொச்சம். அந்த இரண்டு கைப்பிடிதான் ஆறு அகலைத் தின்றது.

இரண்டு நாள் தெளியவிட்டு மேல் நீரை இறுத்து, அடிச்சேற்றைப் பழைய தலையணை உறையில் ஊற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று நாளில் பிசையும் பதம். சேற்று நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாயின் வளைவில் படிந்து இறுகினால் பிளம்பர் வந்துதான் கழற்ற வேண்டும். பக்கெட்டில் தெளியவிட்டு நீரைச் செடிக்கு ஊற்றலாம்.

சலித்ததும் புதுச் சிக்கல். 14 க்கு 4 சென்டிமீட்டரில் ஒரு பட்டை செய்து, அதில் ஊசியால் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறி, உலர்த்திச் சுட்டு மறுபடி அளப்பது சுருக்கம் பார்க்கும் வழி. சலிக்காத மண்ணில் கோடு 9.1 ஆனது, அதாவது 9 சதவீதம். சலித்த மண்ணில் 8.9, அதாவது 11. பட்டையும் படகு போல வளைந்தது. பருக்கையெல்லாம் போய் வெறும் நுண்மண் மிஞ்சினால் நீர் அதிகம் பிடிக்கும், அதிகம் சுருங்கும். அதனால் கழுவிச் சலித்த நைஸ் மணல் 450 கிராம் சேர்த்துப் பிசைந்தோம். மணலுக்கும் வினிகர் சோதனை உண்டு. ஒரு பக்கம் சுண்ணாம்பை வெளியேற்றிவிட்டு மறுபக்கம் உள்ளே விடக் கூடாது. இப்போது கோடு 9.05. இட்லிக் குழியின் 8 சென்டிமீட்டர், சுட்டபின் 7.2 ஆகும்.

இரண்டாம் 24

எல்லாம் இட்லித் தட்டில். உலர்த்துவதை நாலு கட்டமாகப் பிரித்தோம். முதல் இரண்டு நாள் தட்டோடு பிளாஸ்டிக் உறைக்குள். நகம் பதியும், விரல் அமுங்காது என்ற பதம் வந்ததும் வெளியே எடுத்து ஓரத்தை ஈரப் பஞ்சால் ஒருமுறை வழித்து, கவிழ்த்துத் தினத்தாள் மேல் வைத்து, மேலே இன்னொரு தாள். ஓரம்தான் முதலில் உலரும், அடி கடைசியில். கவிழ்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்து உலரும். ஐந்தாம் நாள் மேல்தாளை எடுத்தோம். ஏழாம் நாள் கம்பி வலைத் தட்டில் ஏற்றி அடியிலும் காற்றுப் படவிட்டோம். மின்விசிறி கிடையாது, வெயில் கிடையாது.

கன்னத்தை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். மூன்று அகலில் எண் கீறித் தினமும் காலையில் சமையலறைத் தராசில் வைத்தோம். 80 கிராம் 74 ஆகி, 68 ஆகி, 64, 63, பிறகு 63, 63. மூன்று நாள் அசையாவிட்டால் காற்றில் உலர வேண்டியது உலர்ந்துவிட்டது. பதினோரு நாள் பிடித்தது. அப்போதும் மழைக்காலக் காற்றின் ஈரம் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். அதைச் சூளையில்தான் விரட்ட முடியும்.

அதற்கு 90 டிகிரியில் நாலு மணி நேரம் நிறுத்தச் சொன்னோம். பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 200 வரை, மணிக்கு 100 வீதம் 600 வரை, அதன் பின் மணிக்கு 150 வீதம் 1000. அங்கே கால் மணி நேரம். மொத்தம் 14 மணி நேரம். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். மணல் சேர்த்த மண்ணுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் அவசரம் ஆகாது. உலரும்போது ஒன்று விரிந்ததைத் தவிர 23-ம் முழுதாக வந்தது. வந்ததும் ஒரு நாள் நீரில் போட்டு வைத்தோம். தப்பித்த சுண்ணாம்புத் துணுக்கு ஏதாவது இருந்தால் மெல்ல நீறிப் பருக்க விடாமல் அங்கேயே கரைந்து அடங்கட்டும் என்று. பத்து நாள் பார்த்தோம், ஒன்றும் பெயரவில்லை.

எண்ணெய் எங்கே போகிறது

இதற்கிடையில் முதல் சூளையில் தேறிய ஒன்பதை வைத்து ஒழுகல் சோதனை. அகல் ஒழுகுவது இரண்டு விதம், இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் ஒரு வாரம் வீணானது. பிரித்துப் பார்க்க வழி எளிது: எண்ணெய் ஊற்றுங்கள், திரி போடாதீர்கள், தாளில் வையுங்கள். வட்டம் வந்தால் மண்ணின் துளை வழியாகக் கசிகிறது. வட்டம் வராமல், திரி போட்ட பிறகு மட்டும் மூக்குக்குக் கீழே சொட்டினால், குற்றம் திரியிலும் மூக்கிலும்.

திரி எண்ணெயை இழுத்துக்கொண்டே இருக்கும். சுடர் எரிப்பதைவிட அதிகமாக வந்தால் மிச்சம் மூக்கு விளிம்பில் வழிந்து வெளிச்சுவரில் இறங்கும். நாங்கள் கிள்ளிய மூக்கு விளிம்போடு சமமாக, சிலதில் தாழ்ந்தும் இருந்தது. இரண்டாம் முறை மூக்கை வெளியே இழுக்கும்போதே மேல்நோக்கித் தூக்கி, மற்ற விளிம்பைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக விட்டோம். எண்ணெயையும் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் சொட்டுவது நின்றது. திரி வெளியே அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது.

துளை வழியாகக் கசிவது பெரிய விஷயம். சுட்ட அகல் ஒன்று 59 கிராம். ஒரு நாள் நீரில் ஊறவைத்துத் துடைத்து எடை போட்டால் 68. ஆக உடம்புக்குள் 9 மில்லிக்கு இடமிருக்கிறது. 15 மில்லி எண்ணெய் ஊற்றினால் பாதிக்கு மேல் அகலே குடித்துவிடும், குடித்து நிறைந்ததும் அடியில் கொடுக்கும்.

ஒன்பதில் மூன்றை அப்படியே விட்டோம்: 40 நிமிடத்தில் வட்டம். மூன்றை முதல் நாள் இரவே நீரில் ஊறப்போட்டுத் துடைத்து ஏற்றினோம், வீடுகளில் வழக்கமாகச் செய்வதுதான். துளையில் நீர் நிற்பதால் எண்ணெய்க்கு இடமில்லை; அன்றைக்கு வட்டம் இல்லை. மறுநாள் ஊறவைக்காமல் ஏற்றியபோது இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது. தினம் ஊறவைக்கப் பொறுமை இருந்தால் இதைவிட மலிவான வழி இல்லை. மூன்றாவது வகை, மண் சட்டி பழக்குவதுபோல அரிசிக் கஞ்சியில் போட்டுக் கொதிக்கவைத்தது. கசிவு நன்றாகக் குறைந்தது, ஆனால் மழை வாரத்தில் அடியில் கறுப்புப் பூஞ்சை, கூடவே புளித்த வாடை. வார்னிஷ், எனாமல் பெயின்ட் பூசச் சொல்பவர்கள் உண்டு. சுடர் எரியும் பொருளில் தீப்பிடிக்கும் பூச்சு வேண்டாம்.

ஆகவே கிளேஸ். ஈயம் இல்லாத, 1040 டிகிரியில் உருகும் நிறமற்ற தூள் அரைக் கிலோ 400 ரூபாய். அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துச் சலித்தால் கெட்டி மோர் பதம் வரும். தோசைமாவு பதத்தில் பூசினால் உருகும்போது வழியும். அகலை முதலில் கழுவி ஒரு நாள் உலரவிட வேண்டும். தூசு இருந்த இடத்தில் கிளேஸ் விலகி ஊசித்துளை விழும். உள்ளே ஊற்றி, ஒரு சுற்று சுழற்றி, மூக்கு அல்லாத பக்கமாகக் கவிழ்த்துக் கொட்ட மூன்று நொடி. காய்ந்ததும் ஊசியால் கீறிப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். வெளியே வழிந்த துளியை ஈரப் பஞ்சால் ஒட்ட வழித்துவிட வேண்டும், அடியில் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. ஒன்றில் இருந்தது. அது சூளைத் தட்டோடு ஒட்டி, உளியால் தட்டியபோது இரண்டாக வந்தது.

மீதி 22-இல் மூன்றின் உள்ளே மயிர்க்கோடு. சூளையை 160 டிகிரியில் திறந்துவிட்டோம். டிங் டிங் என்று மெல்லிய சத்தம் கேட்டது அதுதான். கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கினால் இந்தக் கோடு எப்படியும் ஒருநாள் விழும், அவசரத் திறப்பு அதை முன்னாலேயே காட்டிக் கொடுத்தது. இந்த மூன்றில் இரவு முழுக்க எண்ணெய் நின்றால் அடி லேசாகக் கறுக்கிறது. மற்ற 19 வறண்டே இருக்கின்றன.

கணக்கு

ஒர்க்‌ஷாப்: வனைதல் ஆளுக்கு 1,400 வீதம் மூவருக்கு 4,200. அச்சுக்கட்டை 1,000 வீதம் 3,000. கடைசல் இருவருக்கு 2,400. ஆக 9,600.

அகல்: மண் 250, சல்லடை 450, மணல் 40, கிளேஸ் 400, முதல் சூளை 600, உடைந்த குவளைக்கு 500, இரண்டாம் சூளை 600, கிளேஸ் சூளை 900. ஆக 3,740. தேறிய 31-ஆல் வகுத்தால் அகல் ஒன்று 121 ரூபாய். தெருமுனையில் டஜனே அறுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. குயவர் எத்தனை குறைவாக வாங்குகிறார் என்பது இந்த வகுத்தலுக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுமுறை செய்தால் மண் வாங்கும் இடத்திலேயே வினிகர் பாட்டிலோடு நிற்பேன். முதல் சூட்டை 1060 வரை ஏற்றிக் கிளேஸை 1040-இல் நிறுத்திப் பார்ப்பேன், மயிர்க்கோடு குறையலாம். ஆனால் அதிகம் வெந்த மண் கிளேஸை மெதுவாகத்தான் குடிக்கும், மூன்று நொடி போதாது, ஐந்தாறு ஆகும். சூளைக்கு ஆகஸ்ட் கடைசியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அலையக் கூடாது. பிள்ளையார் சதுர்த்திக்கும் விளக்குக்கும் பெங்களூரின் குயவர் பகுதியான பாட்டரி டவுன் பக்கம் கால் வைக்க இடமிருக்காது, ஸ்டூடியோக்களிலும் தட்டு கிடைக்காது. ஜனவரியில் தொடங்கினால் உலர்த்தவும் பதினோரு நாள் ஆகாது. சக்கர வகுப்புக்குப் பிள்ளையை அழைத்துப் போகமாட்டேன், அந்த 1,400-க்கு இன்னொரு சூளையும் ஒரு சல்லடையும் வரும். அச்சுக்கட்டைக்கு மறுபடி போவோம்.

சலித்த மண் நாலு கிலோ மிச்சம். இரட்டை பிளாஸ்டிக் பைக்குள் ஈரச் சாக்கோடு கட்டிக் குளியலறை மூலையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பிரித்து ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். லேசாகப் பாசி வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அந்த மண் முன்னைவிட நன்றாக வளையும்.